பஸ் ஸ்டாப்பில் நின்ற சபை

மிஷன் என்பது வடக்கே நடப்பது என்றுதான் ஐம்பத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆலயத்துக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் ஒரு மரப்பெட்டி இருக்கும். மிஷன் பெட்டி. அதில் பத்து ரூபாய் போட்டால் போதும். யாரோ ஒருவர் ரயிலேறிப் போய், வாயில் நுழையாத பெயருள்ள ஊரில் சப்பாத்தி தின்றுகொண்டு நம் சார்பில் ஊழியம் செய்துவிடுவார். வருஷக் கடைசியில் அவர் குடும்பப் படம் போட்ட காலண்டர் வரும். அதைச் சமையலறையில் மாட்டி, சிலிண்டர் வந்த தேதியைக் குறித்துவைக்கலாம். இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு உலகத்தில் இல்லை.

அதைக் கெடுத்தவர் எங்கள் போதகர். முப்பது வயதுகூட நிரம்பாதவர். புதுக்கோட்டையில் மூன்று நாள் பயிற்சிக்குப் போனவர், கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலும் கண்ணில் ஒரு பளபளப்புமாகத் திரும்பிவந்தார். அந்தப் பளபளப்பைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, வேலை நம் தலையில்தான் விழப்போகிறது என்று. சபைச் செயலாளர் நான். கீரமங்கலம் போகிற ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையும் வைத்திருக்கிறேன். கோபம் எனக்கு மூக்கு நுனியிலேயே இருக்கும், அழைக்கவே வேண்டாம்.

"சபை மிஷனரிகளை அனுப்பினா மட்டும் பத்தாது. சபையே அனுப்பப்பட்டதுதான். நாம மிஷனரிகளா வாழணும்" என்று கமிட்டிக் கூட்டத்தில் போதகர் சொன்னார்.

"எங்க அனுப்புறீங்க?" என்று கேட்டார் மாதர் சங்கத் தலைவி. அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரில் பாதிப்பேருக்கு ஊசி போட்டிருப்பதால் யாரும் அவர் முன்னால் நிமிர்ந்து பேசுவதில்லை. எல்லாருக்கும் அவர் 'அக்கா'.

"இங்கதாங்க, அக்கா."

"இங்கயா? இங்கதான ஏற்கெனவே இருக்கோம்!"

போதகர் ஃபைலைத் திறந்து பார்த்தார். இந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லைபோல.

கடைசியில் ஒரு முடிவு எடுத்தோம். ஆலயத்தின் ரோட்டோரக் கேட்டில் ஒரு பெட்டி மாட்டுவது. 'உங்களுக்காக ஜெபிக்கிறோம். உங்கள் பாரங்களை எழுதிப் போடுங்கள்' என்று பெயின்டில் எழுதி வைத்தோம். போகிற வருகிறவர்கள் யாராயிருந்தாலும் போடலாம். முப்பது குடும்பம் உள்ள சபைக்கு இது பெரிய புரட்சி. இதற்கே நாங்கள் மூன்று கூட்டம் போட்டோம், இரண்டு முறை டீ வரவழைத்தோம்.

முதல் வாரம் பெட்டியைத் திறந்தால் ஒரு பல்லி, இரண்டு மிட்டாய்க் காகிதம், ஒரு மனு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, முறைப்படி எழுதிய மனு. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் வரிசையாக இருந்தன. ஆதார் நகலும், பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒன்றும் குண்டூசியால் குத்தி வைக்கப்பட்டிருந்தன. பொருள்: காலை டவுன் பஸ் எங்கள் ஸ்டாப்பில் நிற்காமல் செல்வது தொடர்பாக. கீழே நகல் பெறுவோர் பட்டியல். ஒன்றிலிருந்து ஆறு வரை அதிகாரிகள். ஏழாவதாகப் பேனாவால் சேர்த்திருந்தது: 'வேதக்கோயில் சாமி'.

எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் ஆகவேண்டுமென்றால் எல்லாருக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுவது வழக்கம். எந்தக் கல்லில் மாங்காய் விழும் என்று யாருக்குத் தெரியும்? கேட்டில் எழுதியிருந்ததை அந்தப் பெண் தெளிவாகத்தான் படித்திருக்கிறார். ஜெபம் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் கடவுளானாலும் ஆதாரம் இல்லாமல் எப்படிப் பார்ப்பார் என்று யோசித்திருக்கிறார். அதுவும் நியாயம்தான்.

அந்த மனுவை எனக்கு நன்றாகத் தெரியும். என் கடையில்தான் டைப் அடித்தது, என் மெஷினில்தான் நகல் எடுத்தது. தேதியை மட்டும் மாற்றி மாற்றி ஏழு முறை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதைப் படிக்கும் பொறுப்பும் என்னுடையது. "பார்வையில் கண்ட எனது முந்தைய மனுக்களின் மீது" என்று நான் வாசிக்க, சபை பயபக்தியோடு தலைகுனிந்தது. 'இணைப்பு: ஆதார் நகல்' என்றதும் பின்வரிசையிலிருந்து யாரோ உரக்க "ஆமென்" என்றார்கள். போதகர் நன்றாக ஜெபித்தார். எல்லாரும் திருப்தியாக வீட்டுக்குப் போய்க் கோழிக்குழம்பு சாப்பிட்டோம்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் கடைக்கு வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். அரை ஏக்கர் முல்லைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, தானே பறித்துக் கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவர்.

"அண்ணே, என் மனு என்னாச்சு?"

"ஜெபம் பண்ணியாச்சும்மா."

"அது சரி. இப்ப யாரு டேபிள்ல இருக்கு?"

"கர்த்தர் சமூகத்துல இருக்கு" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று.

"அவரு பாத்துட்டாரா, இன்னும் பாக்கணுமா?"

எனக்குச் சுர்ரென்றது. அதை விளக்கத்தான் போதகர் நான்கு வருஷம் படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறார். நான் ஜெராக்ஸ்காரன். "போயிட்டு வாங்கம்மா, நடக்கும்" என்றேன்.

அவர் போகவில்லை. "அண்ணே, விடியுமுன்ன பறிச்சு, அஞ்சு அம்பது பஸ்ஸுக்கு நிக்கிறேன். ஒத்தப் பொம்பள நின்னா அவன் மிதிச்சுக்கிட்டுப் போயிர்றான். பொம்பளைங்களுக்குத்தான் டிக்கெட்டுக்குக் காசு கெடையாதே. சாமி வரங் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டேங்கறாரு. அடுத்த பஸ்ஸுக்குப் போனா பூவு மலந்துருது. மலந்த முல்லைய யாரு வாங்குவா? தோட்டக்காரரு பங்குனி வரைக்குந்தான் பாப்பாராம். இப்படியே போனா சித்திரையில வேற ஆளுக்கு விட்டுருவேன்னு சொல்லிட்டாரு. அந்தத் தோட்டம் போச்சுன்னா எனக்கு வேற எதுவும் இல்ல."

இதை அவர் அழாமல் சொன்னார். அழுதிருந்தாலாவது நான் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பான லெந்து காலம் தொடங்கியிருந்தது. நாற்பது நாளும் காலை ஐந்தரைக்கு ஆலயத்தில் ஜெபம் உண்டு. வருகிறவர்கள் ஒன்பது பேர். அதில் ஒருவர் தூணில் சாய்ந்து தூங்குவார். அவர் யார் என்று சொல்லமாட்டேன், அவருக்கு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. மறுநாள் ஜெபம் முடிந்ததும் பூக்காரம்மா கேட்டதைச் சொன்னேன். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"ஒத்த ஆளுக்கு நிக்கலைன்னா பத்து ஆளுக்கு நிக்குமில்ல? அனுப்பப்பட்ட சபை, அனுப்பப்பட்ட சபைன்னீங்களே ஐயா. எரநூறு அடி, அந்த பஸ் ஸ்டாப்பு வரைக்கும் அனுப்பிப் பாருங்க."

போதகர் எழுந்தார். பிறகு வேதாகமத்தை எடுத்துக்கொண்டு நடந்தார். சொன்னவர் சொல்லோடு நிற்காமல் நடந்ததுதான் அவரிடம் எனக்குப் பிடித்த முதல் காரியம்.

அன்று பூக்காரம்மா பஸ்ஸைத் தவறவிட்டு நின்றிருந்தார். மறுநாள் ஜெபத்தையே அங்கே வைத்துக்கொண்டோம். வெள்ளை வேட்டி, வெள்ளைப் புடவை, கையில் வேதாகமம், பாட்டுப் புத்தகம் என்று பத்துப் பேர் வரிசையாக நின்றோம். பஸ் வந்தது. எங்களைப் பார்த்ததும் டிரைவர் போட்ட பிரேக்கில் உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தார்கள். கண்டக்டர் முகம் மலர இறங்கினார்.

"வாங்க, வாங்க! வேளாங்கண்ணியா? கீரமங்கலத்துல எறங்கி மாறிக்கலாம். எத்தன டிக்கெட்டு?"

பூக்காரம்மா இரண்டு பைகளோடு ஏறினார்.

"மத்தவங்க?"

"நாங்க ஏறலை தம்பி. இவங்கள ஏத்திவிட வந்தோம்" என்றார் அக்கா.

கண்டக்டர் எங்கள் பத்துப் பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். விசில் அவர் வாயிலேயே இருந்தது, ஊதத் தோன்றவில்லை. இரண்டாம் நாளும் நிறுத்தினார், சந்தேகத்தோடு. மூன்றாம் நாள் பஸ் நிற்கவில்லை. கண்டக்டர் படியில் நின்றபடி எங்களுக்கு ஆசீர்வாதம் கூறுவதுபோலக் கையைக் காட்டிவிட்டுப் போனார். அன்று பூ மலர்ந்துதான் போனது. பூக்காரம்மா எங்களைத் திட்டவில்லை. "நாளைக்கும் வாரீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அக்காவுக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே சட்டம் போட்டார். தினம் ஓர் ஆண் ஏறவேண்டும். காசு கொடுத்து டிக்கெட் எடுக்கவேண்டும். முறை வைத்துக்கொள்ளலாம். மறுநாள் ஒருவர் ரோட்டின் நடுவுக்கே போய்க் கையில் சில்லறையை ஆட்டிக் காட்டினார். பஸ் நின்றது.

ஆனால் விடிகாலையில் கீரமங்கலத்தில் இறங்கி ஒரு மனிதன் என்ன செய்வான்? டீ குடிப்பான். மறுபடி டீ குடிப்பான். சும்மா திரும்பக் கூச்சப்பட்டு ஏதாவது வாங்குவான். அங்கே அப்போது பலாப்பழம் வர ஆரம்பித்திருந்தது. முதலில் ஒருவர் ஒரு பழத்தோடு வந்தார். அடுத்தவர் அவருக்குக் குறைந்தவரா? இரண்டு வாரத்தில் ஆலயத்தின் பின்னறையில் எட்டுப் பலாப்பழம் கிடந்தது. லெந்து நாற்பது நாளும் உபவாசம் என்று அறிவித்த சபை, வாசலில் ஈ மொய்க்க உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தது. பக்கத்து டீக்கடை பாய் எட்டிப் பார்த்து, "எங்க நோம்புல இந்த வசதியெல்லாம் இல்லீங்களே" என்றார்.

போதகரின் முறை வந்தபோது பஸ்ஸில் கூட்டம். நின்றபடியே கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தவரை, "சாமி, வளைவு வருது, கண்ணத் தொறந்து கம்பியப் புடிங்க" என்று கண்டக்டர் காப்பாற்றினார். பிறகு யாரோ இடம் கொடுக்க, பூக்காரம்மா தன் பைகளில் ஒன்றை அவர் மடியில் வைத்தார். அரைமணி நேரம் முல்லையை மடியில் வைத்திருந்த மனிதர், காலை ஏழரைக்கு வீட்டுக்குள் மணக்க மணக்க நுழைந்தார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "எங்க போயிட்டு வாரீங்க?" என்று அவர் மனைவி கேட்ட தொனியில், போதகர் தன் இறையியல் முழுவதையும் மறந்துவிட்டாராம். அக்கா போய்ச் சாட்சி சொன்ன பிறகுதான் அவருக்கு இட்லி கிடைத்தது.

என் முறை ஒரு வியாழக்கிழமை வந்தது. நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஏறினேன். கண்டக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், நெசமாக் கேக்குறேன், ஒங்களுக்கு என்னதான் வேணும்?"

"அந்தம்மா நின்னா நீங்க நிறுத்தணும். அம்புட்டுத்தான்."

"டைம் புடிக்க வேணாமா, சார்? வழியெல்லாம் ஒத்த ஒத்த ஆளா நிக்கிறாங்க. அதுவும் ஓசி டிக்கெட்டு."

அந்தச் சொல் என் வாய்க்குப் புதிதல்ல. கடையில் உட்கார்ந்துகொண்டு 'ஓசி பஸ்ஸு' என்று நானும் எத்தனையோ முறை கிண்டலடித்திருக்கிறேன், வந்தவர்களும் சிரித்திருக்கிறார்கள். முன்சீட்டில் இருந்த பூக்காரம்மா திரும்பினார். கண்டக்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, ஏழு தடவ என் மனுவ எடுத்துக் குடுத்தீங்களே. ஒரு தடவயாச்சும் படிச்சீங்களா?"

படித்திருந்தேன். பிழை திருத்தப் படித்திருந்தேன். 'ஸ்டாப்' என்பதை 'நிறுத்தம்' என்று மாற்றினால் மதிப்பாக இருக்குமே என்றுகூட ஒருமுறை சொன்னேன். பஸ் நின்றதா என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம் வரும். ஆனால் யார்மேல் கோபப்படுவது என்று அன்று தெரியவில்லை. கீரமங்கலத்தில் இறங்கி, மார்க்கெட் வரைக்கும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பும்போது பலாப்பழம் வாங்கவில்லை.

குருத்தோலை ஞாயிறு அன்று நாங்கள் சற்றே எல்லை மீறிவிட்டோம். அன்று பவனிக்காகக் குழந்தைகளும் சீக்கிரமே வந்திருந்தார்கள். கையில் குருத்தோலை. பஸ் வளைவில் தெரிந்ததும் ஒரு வாண்டு "ஓசன்னா!" என்று கத்த, மற்றதுகளும் ஓலையை ஆட்டி ஓசன்னா பாட, பெரியவர்களுக்கும் அடக்க முடியவில்லை. கழுதைமேல் வந்த கர்த்தருக்குப் பிறகு எங்கள் ஊரில் ஓசன்னா வாங்கியது அந்த டவுன் பஸ்தான். டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். கண்டக்டர் ஒரு குருத்தோலையை வாங்கிக் கண்ணாடியில் செருகிக்கொண்டார். மறுநாள் அவரே அக்காவிடம் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தார். நின்று நின்று கால் வீங்குகிறது, ஜெபிக்கவும். அக்கா அதை ஜெபக்குறிப்பில் சேர்த்துக்கொண்டு, "வெந்நியில உப்புப் போட்டுக் கால வைங்க. சர்க்கரையப் பாத்தீங்களா?" என்று அதட்டினார். அவர் பாவம், நர்ஸிடம் மாட்டிய எல்லாரையும்போலத் தலையாட்டினார்.

ஈஸ்டர் வந்தது. சூரியன் வருமுன் ஆராதனை, பிறகு எல்லாருக்கும் இட்லி, வடை. மேலிடத்திலிருந்து ஒரு படிவமும் வந்திருந்தது. எங்கள் சபை மிஷனரியாக வாழ்ந்ததன் பலனாகப் புதிதாக எத்தனை பேர் ஆலயத்துக்கு வந்தார்கள்? பூக்காரம்மாவை அக்கா கூப்பிட்டுத்தான் பார்த்தார். "எங்க அம்மனுக்குப் பங்குனித் திருநா நடக்குதுக்கா. பூக்கட்டவே கையி பத்தலை" என்று அவர் சிரித்தார். நான் பூஜ்யம் என்று எழுதினேன். போதகர் அதைப் பார்த்துவிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டார்.

லெந்து முடிந்ததால் காலை ஜெபமும் முடிந்தது. திங்கட்கிழமை யாருக்கும் முறை போடவில்லை. நாற்பது நாள் விடியலில் எழுந்த சபை, போர்வையை இழுத்து மூடிக்கொண்டது. நானும் மூடிக்கொண்டேன். ஐந்துக்கே தானாக விழிப்பு வந்துவிட்டது, ஐந்தரை வரை புரண்டேன். பங்குனி முடிய இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. யாரும் நிற்காதபோது பஸ் நிற்காவிட்டால், அந்த அம்மாவின் தோட்டம் போய்விடும். பத்துப் பேர் நின்று பாடியதெல்லாம் பொழுதுபோக்கு என்றாகிவிடும். லுங்கியோடு ஓடினேன்.

பாதி தூரத்திலேயே எனக்கு ஒரு யோசனை. என்னைப் பார்த்து நிறுத்தினால், அந்த அம்மாவுக்காக நிறுத்துவாரா என்று எப்படித் தெரியும்? எனவே, சபைச் செயலாளராகிய நான், ஸ்டாப்புக்கு முன்னாலிருந்த டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். 'அபாயம்' என்று போட்ட மண்டையோட்டுப் படத்துக்குப் பக்கத்தில் என் தலை. ஒரு நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இது நமக்கு வேண்டாம் என்று போய்விட்டது.

ஸ்டாப்பில் பூக்காரம்மா தனியாக நின்றார். ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்தார், எங்களைத் தேடித்தான். பஸ் வளைவில் திரும்பியது. வேகம் குறையவில்லை. அதன்பிறகு விசில் சத்தம் கேட்டது. நீளமாக ஒன்று. பஸ் அவர் காலடியில் வந்து நின்றது.

"எங்க ஒங்க ஆளுங்க? எல்லாருக்கும் ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டபடி கண்டக்டரே பையை வாங்கி உள்ளே வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு மூக்கை உறிஞ்சியதுதான் தப்பு.

"சார், ஒளிஞ்சது போதும். கரண்டு பாஞ்சுரும், வந்து ஏறுங்க."

லுங்கியோடு ஏறினேன். மேல்சட்டைப் பையில் நல்லவேளை பத்து ரூபாய் இருந்தது. பூக்காரம்மா பக்கத்து சீட்டைக் காட்டினார். உட்கார்ந்தேன். ஏதோ நானே பஸ்ஸைக் கையால் பிடித்து நிறுத்தியதுபோல ஒரு பெருமை. படிவத்தில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இதை எப்படி எழுதலாம் என்று வாக்கியம்கூட யோசித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஸ்டாப் செங்கல் சூளை. பஸ் வேகம் எடுத்தது.

"எறக்கம்!" என்று பூக்காரம்மா ஒரு சத்தம் போட்டார். டிரைவர் பதறி பிரேக்கை மிதித்தார்.

"என்னம்மா, மார்க்கெட்டுக்குப் போகலையா? எறங்குங்க, எறங்குங்க" என்றார் கண்டக்டர்.

"நான் எங்க எறங்குறது? அந்தா நிக்கிறாங்களே, அவங்க ஏறட்டும்."

எட்டிப் பார்த்தேன். ரோட்டோரத்தில் தூக்குவாளியோடு மூன்று பெண்கள் நின்றார்கள். பஸ் நிற்கும் என்று நம்பாமல் நின்றதால், நின்றபிறகும் ஒரு நிமிஷம் அசையவில்லை. பிறகு ஓடிவந்தார்கள். தினமும் இங்கேதான் நிற்கிறார்களாம். நாற்பது நாள் எங்கள் சபையின் ஆண்கள் ஆளுக்கொரு முறை இந்த வழியாகப் போயிருக்கிறோம், நானும் ஒருநாள் போயிருக்கிறேன். ஒருவரும் சன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. பூக்காரம்மா ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறார். தன் பஸ் தனக்கு நிற்குமா என்று தெரிந்துகொள்ளும் வரைக்கும் காத்திருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? இது எங்கள் கமிட்டி எடுத்த முடிவு இல்லை.

பூக்காரம்மா பைகளை எடுத்து மடியில் அடுக்கிக்கொண்டார். முழங்கையால் என்னை இடித்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே. மூணு பேரு ஏறுறாங்க."